இரண்டு வரிக்கு நடுவில்

வைட்ஃபீல்ட் மெட்ரோ ஸ்டேஷனிலிருந்து எங்கள் ஆபீஸுக்கு ஒரு ஷட்டில் வண்டி உண்டு. டிரைவர் கன்னடக்காரர், சாதுவான மனிதர். காலையில் எல்லோரும் ஏறி முடித்ததும் பக்கவாட்டுக் கண்ணாடியில் ஒருதரம் பார்ப்பார். யாரும் ஓடி வரவில்லை என்றால் பொத்தானை அழுத்திக் கதவை மூடுவார். எல்லா டிரைவர்களும் செய்கிற காரியம்தான். இதில் போய்க் குற்றம் கண்டுபிடிக்க முடியும் என்பது என் டீமில் இருந்த ஓர் அம்மாளோடு ஒருநாள் அந்த வண்டியில் போகும்வரை எனக்குத் தெரியாது.

முன் இருக்கையில் உட்கார்ந்திருந்தவர் திடீரென்று டிரைவரிடம் கன்னடத்தில் கேட்டார்: நீங்கள் கண்ணாடியைப் பார்த்ததற்கும் கதவை மூடியதற்கும் நடுவில் யாராவது வந்துவிட்டால்?

"யாரூ பரல்லா மேடம்" என்றார் டிரைவர். யாரும் வரமாட்டார்கள் என்று அர்த்தம்.

"பந்த்ரே?" என்றார் இவர். வந்தால்?

டிரைவர் உதவிக்கு என்னைப் பார்த்தார். நான் ஜன்னல் வழியே மெட்ரோ தூணைப் பார்த்தேன். அந்த அம்மாள் விடுவதாக இல்லை. முதலில் கதவை மூடத் தொடங்குங்கள், அது மூடிக்கொண்டிருக்கும்போதே கண்ணாடியைப் பாருங்கள், யாராவது வந்தால் திறந்துவிடுங்கள் என்று கையால் கதவு போலக் காட்டி விளக்கினார். பின்னால் இருந்தவர்கள் சிரித்தார்கள். நானும் சேர்ந்து சிரித்தேன். ஒரு வாரம் கழித்துக் கவனித்தபோது டிரைவர் அப்படித்தான் செய்துகொண்டிருந்தார்.

அந்த அம்மாள் என் டீமில் பத்து வருஷத்துக்கு மேல் இருந்தார். வேறு வேலைக்குப் போய் இப்போது ஒரு வருஷம் தாண்டிவிட்டது. பெயரை எழுதப்போவதில்லை. எழுதினால் கோபித்துக்கொள்ள மாட்டார், ஆனால் இந்தக் கட்டுரையில் நான் என்னென்ன தப்பு விட்டிருக்கிறேன் என்று வரி எண்ணோடு பட்டியல் போட்டு அனுப்பிவைப்பார். அந்தப் பட்டியலுக்கு நான் இப்போதும் பயப்படுகிறேன்.

லிங்கராஜபுரத்தில் வீடு. பருத்திச் சுடிதார், காதில் சின்னத் தோடு, தோளில் எப்போதும் ஒரு துணிப்பை. கேன்டீனில் கூட்டம் சேர்வதற்குள் பன்னிரண்டே காலுக்கே போய்ச் சாப்பிட்டுவிட்டு வந்துவிடுவார். ஆபீஸில் நேற்றுச் சேர்ந்த பிள்ளைகள்கூட என்னைப் பெயர் சொல்லித்தான் கூப்பிடுவார்கள். இவர் ஒருவர்தான் கடைசிவரை 'சார்' என்றார். அந்தச் சாருக்குள் மரியாதை எத்தனை பங்கு, எச்சரிக்கை எத்தனை பங்கு என்று எனக்குக் கடைசிவரை பிடிபடவில்லை.

நாங்கள் செய்வது மருத்துவமனைகளுக்கான பம்ப். நோயாளியின் நரம்பில் மருந்தை அளவாக, மெதுவாக ஏற்றும் எந்திரம். அதற்குள் ஓடும் கர்னல் எங்கள் கம்பெனியே எழுதியது. கர்னல் என்றால் பெரிதாகப் பயப்பட வேண்டாம். எந்திரத்துக்குள் பல வேலைகள் இருக்கும். எந்த வேலை எப்போது ஓடலாம், எது தூங்கலாம், எதை எப்போது எழுப்பவேண்டும் என்று பார்த்துக்கொள்கிற அடிப்படை மென்பொருள் அது. ஒரு வேலைக்கு அவசரமாகச் சேதி சொல்லவேண்டும் என்றால் கர்னல் ஒரு சிக்னல் அனுப்பும். நர்ஸ் 'ஸ்டாப்' பொத்தானை அழுத்தினால், மோட்டாரை நிறுத்துவதற்கென்றே இருக்கிற வேலைக்கு சிக்னல் போகும். அது விழித்துக்கொண்டு மோட்டாரை நிறுத்தும். இவ்வளவுதான் எங்கள் பிழைப்பு.

மற்றவர்கள் எழுதிய புரோகிராமைச் சரிபார்க்கும்போது நாங்கள் எல்லாம் பத்தி பத்தியாகக் கருத்து எழுதுவோம். அவர் ஏதோ இரண்டு வரிக்குப் பக்கத்தில் ஒரே ஒரு சொல் எழுதுவார். 'நடுவுல?' அதையும் ஆங்கில எழுத்தில் தட்டுவார். இந்த வரி ஓடி முடிந்து அடுத்த வரி ஓடுவதற்குள் வேறு யாராவது உள்ளே புகுந்தால் என்ன ஆகும் என்பது கேள்வி. டீமில் பாதிப் பேருக்குத் தமிழ் தெரியாது. ஆனாலும் தெலுங்குக்காரப் பையனும் வங்காளத்துப் பெண்ணும் தாங்களும் மற்றவர்களை 'நடுவுல?' என்று கேட்கத் தொடங்கிவிட்டார்கள். அந்த ஒரு சொல்லைப் பார்த்ததும் அந்த இரண்டு வரியை மறுபடி படிப்போம். தொண்ணூறு சதவீதம் அங்கே ஓட்டை இருக்கும்.

மீட்டிங் ரூம் விஷயத்திலும் இதே கதைதான். நாங்கள் கண்ணாடி வழியே எட்டிப் பார்ப்போம், காலியாக இருந்தால் லேப்டாப் எடுக்கப் போவோம், திரும்பி வந்தால் வேறு டீம் உட்கார்ந்திருக்கும், சண்டை. அவர் முதலில் உள்ளே போய்த் தண்ணீர் பாட்டிலை மேஜைமேல் வைப்பார். வைத்துவிட்டுத்தான் யாராவது புக் பண்ணியிருக்கிறார்களா என்று பார்ப்பார். பண்ணியிருந்தால் பாட்டிலை எடுத்துக்கொண்டு வந்துவிடுவார். அவருக்கு ஒருதரம்கூட ரூம் பறிபோனதில்லை.

ஒருமுறை அவரும் வீட்டுக்காரரும் ஆளுக்கு ஆள் மற்றவர் போய்க் கூட்டிவருவார் என்று நினைத்துவிட்டதில், அவர்கள் மகள் ஸ்கூல் கேட்டில் வெகுநேரம் நின்றுகொண்டிருந்தாள் என்று கேள்வி. அன்றிலிருந்துதான் இப்படி ஆனார் என்று சொல்ல எனக்கும் ஆசைதான். ஆனால் மகள் பிறப்பதற்கு முன்பே அவர் இப்படித்தான் இருந்தார்.

அவரிடம் சொல்லக்கூடாத வாக்கியம் ஒன்று உண்டு. 'அது ஒரே ஒருதரம்தான் நடந்தது.' எங்கள் தொழிலில் தினம் ஒருவர் சொல்வதுதான். அதைக் கேட்டால் கையில் இருப்பதைக் கீழே வைத்துவிடுவார்.

"ஒரு வாட்டி வந்ததுக்கு வழி தெரிஞ்சிருக்குதே சார். நமக்குத்தான் தெரியல" என்பார்.

இனி பாஸ்கர் விஷயத்துக்கு வருகிறேன். அதைச் சொல்லத்தான் இவ்வளவும்.

பாஸ்கர் எங்கள் லேபில் டெஸ்டிங் ஆள். ஸ்ரீராம்புரத்திலிருந்து வருவான், வயது நாற்பதை ஒட்டி இருக்கும். கம்பெனி ஆள் இல்லை, ஏஜென்ஸி அனுப்பிய ஒப்பந்த ஆள். புது பம்ப் ஒவ்வொன்றையும் மேஜையில் வைத்து ஸ்டார்ட், ஸ்டாப், ஸ்டார்ட், ஸ்டாப் என்று நாள் முழுக்க அழுத்தி, என்ன நடந்தது என்று ரிஜிஸ்டரில் எழுதவேண்டும். அலுப்பான வேலை. ஞாயிற்றுக்கிழமைகளில் ஏதோ ஆர்கெஸ்ட்ராவில் ரிதம் பேட் வாசிப்பான். எல்லோரும் அவனை நீ, வா, போ என்றுதான் சொல்வோம். அந்த அம்மாள் மட்டும் 'பாஸ்கர்ண்ணா' என்பார்.

ஒருநாள் ரிஜிஸ்டரில் பாஸ்கர் எழுதியிருந்தான்: ஸ்டாப் அழுத்தியும் பம்ப் நிற்கவில்லை. மருந்து ஏற்றும் எந்திரத்தைப் பற்றி எழுதக்கூடிய வாக்கியங்களில் இதைவிடப் பயங்கரமானது கிடையாது. நான் லேபுக்கு ஓடினேன்.

"நல்லா அழுத்தினியா பாஸ்கர்?"

"அழுத்துனேன் சார். பொத்தான்ல லைட்டு வந்துச்சி. மோட்டாரு பாட்டுக்கு சுத்திக்கினே இருந்துச்சி. நாலு தபா அழுத்துனேன் சார், நிக்கவே இல்ல. அப்பறம் ஒயர புடிச்சி இழுத்துட்டேன்."

சும்மா சொல்லக்கூடாது, நாங்களும் உழைத்தோம். பொத்தானை அழுத்துவதற்கென்றே ஒரு எந்திரக் கை வைத்திருந்தோம். அதை நாலு நாள் இடைவிடாமல் ஓடவிட்டோம். ஒவ்வொரு தடவையும் பம்ப் சமர்த்தாக நின்றது. கர்னலுக்குள் எங்கே என்ன நடக்கிறது என்று காட்டும்படி வழிநெடுக பிரிண்ட் வரிகளைப் போட்டோம். பிரிண்ட் போட்டதும் அதன் வேகம் மாறிவிடும், வேகம் மாறினால் வரவேண்டிய தப்பும் வராமல் போகும். இது எங்களுக்குத் தெரியாதா? தெரியும். ஆனாலும் தப்பு வரவில்லை என்றால் மனசு தானாகவே 'சரியாகிவிட்டது' என்று எழுதிக்கொள்ளும். புரோகிராம் எழுதுகிற எங்கள் ஜாதிக்கே உள்ள வியாதி இது.

என் அப்பா அரசு அலுவலகத்தில் ஃபைலை மூடுவதில் பேர் வாங்கியவர். எனக்கும் அந்தக் கைதான். திறந்து கிடக்கும் புகார் எதையாவது பார்த்தால் அதை மூடும்வரை சோறு இறங்காது. பம்ப் மருத்துவமனைக்குப் போகவேண்டிய நாளும் நெருங்கிக்கொண்டிருந்தது. கம்ப்யூட்டரில் அந்தப் புகாரின்கீழ் நான் எழுதினேன்: 'மறுபடி நிகழவில்லை. இயக்கியவர் பொத்தானைச் சரியாக அழுத்தாமல் இருந்திருக்கலாம்.' மூடினேன்.

அந்த ஒரு வாக்கியம் எங்கெல்லாம் போகும் என்று நான் யோசிக்கவில்லை. மேலதிகாரி அதைப் படித்தார். இப்படிப் பொய்ப் பீதி கிளப்புகிற ஆள் லேபுக்கு எதற்கு என்று ஏஜென்ஸிக்கு எழுதினார். மாதக் கடைசியோடு பாஸ்கருக்குப் பதில் வேறு ஆளை அனுப்புவதாக ஏஜென்ஸி பதில் போட்டது.

இரண்டு நாள் கழித்து அந்த அம்மாள் என் மேஜை முன்னால் வந்து நின்றார்.

"சார், பாஸ்கர்ண்ணா சரியா அழுத்தலைன்னு எழுதியிருக்கீங்க."

"அழுத்தாம இருந்திருக்கலாம்னு எழுதியிருக்கேன்மா."

"அவர் வெரலப் பத்தி உங்களுக்கு என்ன சார் தெரியும்?"

எனக்குக் கோபம் வந்தது. நாலு நாள் ஓட்டினோமே, ஒருதரம்கூட வரவில்லையே என்றேன்.

"எந்திரத்த வெச்சி ஓட்டுனீங்க. வந்தது பாஸ்கர்ண்ணாவுக்கு. அவர வெச்சி ஓட்டலாமே."

அதற்கு என் அனுமதியை அவர் கேட்கவில்லை. மறுநாள் காலையிலேயே லேபில் பாஸ்கர் பக்கத்தில் ஒரு ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்துவிட்டார். கம்ப்யூட்டர் திரை பக்கம் திரும்பவே இல்லை. பாஸ்கர் விரலையே பார்த்துக்கொண்டிருந்தார். இரண்டு நாள். நான் அவ்வப்போது கண்ணாடிக் கதவு வழியாக எட்டிப் பார்ப்பேன். கல்யாண வீட்டில் மருதாணி வைக்கிறவளைப் பார்ப்பது மாதிரி அப்படி உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருப்பார். பாஸ்கருக்கு வெட்கமாகப் போய்விட்டது, தலையைக் குனிந்தபடியே அழுத்திக்கொண்டிருந்தான். வேலை போகப்போகிறது என்று அவனுக்கும் தெரியும். வீட்டில் இன்னும் சொல்லவில்லை என்று அவரிடம் சொன்னானாம்.

மூன்றாம் நாள் நான் உள்ளேயே போய் நின்றேன். அப்போதுதான் அது நடந்தது.

"அண்ணா, ஒரு வாட்டி கண்ண மூடிக்கினு அழுத்துங்க" என்றார்.

பாஸ்கர் கண்ணை மூடினான். ஸ்டார்ட் அழுத்தினான். மோட்டார் மருந்துக் குழாயைக் கவ்வும்போது 'டக்' என்று ஒரு சின்னச் சத்தம் வரும். அந்த டக்கும் ஸ்டாப் பொத்தானில் அவன் விரல் விழுந்ததும் ஒரே சமயம். மறுபடி செய்யச் சொன்னார். மறுபடியும் டக்கோடு விரல். பத்துத் தடவை. ஒன்றுகூடப் பிசகவில்லை.

"அண்ணா, நீங்க பாத்து அழுத்தல. சத்தத்துக்கு அழுத்துறீங்க."

"தாளம் மேடம்" என்றான் பாஸ்கர், தப்புச் செய்து மாட்டிக்கொண்டவன் போல. "சத்தம் வந்துச்சின்னா கை தானா போயிடும். ரிதம் பேட் கை. மாத்திக்கணுமா?"

"மாத்தவே மாத்தாதீங்க" என்றார். அவர் குரல் உயர்ந்து நான் கேட்டது அன்றுதான்.

எங்கள் எந்திரக் கைக்குக் காது கிடையாது. ஸ்டார்ட் அழுத்தி இத்தனை நேரம் கழித்து ஸ்டாப் அழுத்து என்று நாங்கள் சொல்லிவைத்த நேரத்துக்கு, நாலு நாளும், அதே இடத்தில் அழுத்திக்கொண்டிருந்தது. பாஸ்கர் அழுத்துகிற இடத்தில் அது ஒருதரம்கூட அழுத்தவில்லை. இதைப் புரிந்துகொண்டபோது எனக்குக் காது சூடாகிவிட்டது.

அவர் துணிப்பையிலிருந்து கோடு போடாத நோட்டை எடுத்தார். ஒரு பக்கத்தில் மேலிருந்து கீழாக இரண்டு கோடு கிழித்தார். எங்கள் புது சிப்பில் இரண்டு கோர் உண்டு, அதாவது ஒரே நேரத்தில் வேலை பார்க்கிற இரண்டு மூளை. இடது கோட்டில் மோட்டாரை நிறுத்தும் வேலை என்னென்ன செய்கிறது என்று ஒவ்வொரு படியாக எழுதினார். வலது கோட்டில் பொத்தானிலிருந்து சேதி கொண்டுவருகிற பக்கம் என்ன செய்கிறது என்று எழுதினார். டக் சத்தம் வருகிற இடத்தில் குறுக்கே ஒரு கோடு. அந்தக் குறுக்குக் கோட்டைச் சுற்றி ஒரு மணி நேரம் பேனா நகர்ந்துகொண்டிருந்தது. பிறகு இடது பக்கத்தில் இரண்டு வரிக்கு நடுவே நின்றது.

அவர் எனக்கு விளக்கியதை அப்படியே சொல்கிறேன். மோட்டார் கவ்விய அந்தக் கணத்தில், நிறுத்தும் வேலை தனக்கு வரும் சேதிகள் விழுகிற பெட்டியைத் திறந்து பார்க்கிறது. எனக்கு ஏதாவது சேதி இருக்கிறதா? இல்லை. சரி, தூங்கலாம் என்று அடுத்த வரியில் தூங்கப் போகிறது. பெட்டியைப் பார்த்தாகிவிட்டது, இன்னும் தூங்கவில்லை. அந்த மயிரிழை இடுக்கில் எப்போதாவது ஒருதரம் பாஸ்கர் விரல் விழுந்துவிடுகிறது. மற்ற கோர் 'நிறுத்து' என்ற சேதியைப் பெட்டியில் போடுகிறது. ஆள் தூங்குகிறாரா, எழுப்பவேண்டுமா என்று பார்க்கிறது. தூங்கவில்லையே, விழித்துத்தானே இருக்கிறார், தானே பார்த்துக்கொள்வார் என்று போய்விடுகிறது. இவரோ ஏற்கெனவே பார்த்தாயிற்று என்று தூங்கிவிடுகிறார். சேதி பெட்டியிலேயே கிடக்கிறது. மோட்டார் சுற்றுகிறது.

"நாலு தபா அழுத்தினேன்னானே, அது?" என்று கேட்டேன்.

"பெட்டில ஏற்கெனவே ஒரு 'நிறுத்து' கெடக்குது இல்ல சார். அதே சேதி மறுபடி வந்தா இருக்கறதே போதும்னு கீழ போட்டுடும். எழுப்பாது. நாப்பது தபா அழுத்துனாலும் எழுப்பாது."

ஏதோ ஒரு ஆஸ்பத்திரியில் ஒரு நர்ஸ் அந்தப் பொத்தானை அழுத்திக்கொண்டே நிற்பது என் கண்முன் வந்தது.

சொன்னால் போதுமா, நிரூபிக்கவேண்டாமா? அந்த இரண்டு வரிக்கு நடுவில் 'ஒரு நொடி சும்மா இரு' என்று மூன்றாவதாக ஒரு வரி சேர்த்தார். கண்ணுக்கே தெரியாத இடுக்கு ஒரு நொடி அகலமாகிவிட்டது. மேலதிகாரியையும் கூப்பிட்டு வரச்சொன்னார். பாஸ்கர் ஸ்டார்ட் அழுத்தினான், டக், ஸ்டாப் அழுத்தினான். பொத்தானில் லைட் வந்தது. மோட்டார் சுற்றிக்கொண்டே இருந்தது. மறுபடி அழுத்தினான். சுற்றியது. பாஸ்கர் திரும்பி எங்கள் முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தான். பிறகு குனிந்து ஒயரைப் பிடுங்கினான்.

நீங்களே வேண்டுமென்று ஒரு நொடி காக்கவைத்தால் தப்பு வரத்தானே செய்யும் என்றார் மேலதிகாரி, ஆங்கிலத்தில்.

எவ்வளவு நேரம் காத்திருந்தாலும் ஸ்டாப் என்றால் நிற்கவேண்டும் என்று அதே ஆங்கிலத்தில் மெதுவாகச் சொன்னார் இவர். அந்த ஒரு நொடிக் காத்திருப்பை அப்படியே வைத்துக்கொண்டு, அந்த இரண்டு வரியை மட்டும் இடம் மாற்றினார். முதலில் 'நான் தூங்கப் போகிறேன்' என்று பலகை மாட்டு, அதற்குப் பிறகு பெட்டியைப் பார். இனிமேல் இடுக்கில் யார் சேதி போட்டாலும் பலகையைப் பார்த்து எழுப்பிவிடுவார்கள். பாஸ்கர் அழுத்தினான். மோட்டார் நின்றது. இருநூறு தடவை அழுத்தச் சொன்னார். இருநூறு தடவையும் நின்றது. எனக்குக் கண் கலங்கியதை யாரும் பார்க்கவில்லை என்று நினைக்கிறேன்.

இத்தோடு முடிந்திருந்தால் அவர் கெட்டிக்காரர் என்று சொல்லிவிட்டுப் போயிருப்பேன். கெட்டிக்காரர்கள் பெங்களூரில் தடுக்கி விழுந்தால் இருக்கிறார்கள்.

எங்கள் கர்னலில் எந்த வரியை யார் எப்போது எழுதினார்கள் என்று பார்க்கமுடியும். எல்லோரும் கலைந்தபிறகு அவர் அந்த இரண்டு வரியின் சரித்திரத்தைத் திறந்தார். நான் பின்னால் நின்றிருந்தேன். எழுதியவர் இடத்தில் அவர் பெயர். சரிபார்த்து ஒப்புக்கொண்டவர் இடத்தில் என் பெயர். எட்டு வருஷத்துக்கு முந்தியது.

திரையில் தன் பெயர்மேல் விரலை வைத்தார். ஊரையெல்லாம் 'நடுவுல?' என்று கேட்ட மனுஷி.

"நாந்தான் சார்" என்றார்.

நான் பாய்ந்துகொண்டு சமாதானம் சொன்னேன். "அப்ப ஒரே கோர்தானேம்மா. நடுவுல யாரும் வர வழியே கிடையாது. நீ எழுதினது அன்னிக்கு சரி. சிப்பை மாத்தினப்போ மாத்தினவங்க பாத்திருக்கணும்."

"சிப்ப மாத்தினப்போ நான் இங்கதான சார் இருந்தேன்."

ஒரு கர்னலில் திருத்தம் சேர்க்கும்போது அதன் கீழே சில வரிகள் எழுதுவது எங்கள் வழக்கம். எந்தப் பழைய வேலையில் இருந்த தப்பைத் திருத்துகிறோம், அது யாருடையது, தப்பை முதலில் சொன்னவர் யார், சரிபார்த்தவர் யார். ஒருமுறை உள்ளே போய்விட்டால் அந்தக் கர்னல் உள்ளவரை அழியாது. பலர் முதல் வரியைப் பூசி மெழுகி 'பழைய புரோகிராம்' என்று எழுதிவிடுவார்கள். அவர் தன் பெயரை எழுதினார். அதை அன்று ஒப்புக்கொண்டவர் என்று என் பெயரையும் எழுதினார், என்னைக் கேட்கவில்லை. முதலில் சொன்னவர் என்ற இடத்தில் பாஸ்கர் பெயரை இன்ஷியலோடு முழுசாக எழுதினார்.

கம்ப்யூட்டர் திருப்பி அனுப்பிவிட்டது. கம்பெனி மெயில் ஐடி இல்லாதவர் பெயர் செல்லாதாம். பாஸ்கருக்கு ஏது ஐடி? ஒப்பந்த ஆட்களுக்கு ஐடி கிடையாது என்று எச்.ஆர். சொன்னது. அந்த ஒரு வரியை எடுத்துவிட்டு அனுப்புங்கள், பம்ப் போகவேண்டும் என்று மேலதிகாரி என்னிடம் கத்தினார். நான் போய் அவரிடம் அதையே கெஞ்சலாகச் சொன்னேன்.

"பேர் சரியாத்தான் சார் இருக்குது. லிஸ்ட்டுதான் தப்பா இருக்குது. லிஸ்ட்ட திருத்தச் சொல்லுங்க" என்றார். சண்டைக்காரக் குரலே இல்லை. கேன்டீனில் உப்பு கேட்பதுபோலச் சொன்னார்.

அந்த வரியை நானே எடுத்துவிட்டு அனுப்ப எனக்கு அதிகாரம் இருந்தது. திறந்தும் வைத்தேன். திரையில் மூன்று பேர் பெயரும் ஒன்றின்கீழ் ஒன்றாக இருந்தன. தப்புச் செய்தவர், அதைச் சரியென்று ஒப்புக்கொண்ட நான், அதைச் சொன்ன பாஸ்கர். இதில் எடுக்கச் சொல்வது எந்தப் பெயரை என்று பார்த்தபோது எனக்கே அவமானமாக இருந்தது. நீட்டிய இடத்தில் கையெழுத்துப் போட்டே பழகிய, ரோஷம் காட்டியறியாத நான், அந்தப் பெயர் உள்ளே போகாமல் இந்த பம்ப் வெளியே போக நான் கையெழுத்துப் போடமாட்டேன் என்று எச்.ஆருக்கும் மேலதிகாரிக்கும் எழுதினேன். எழுதிவிட்டு இரண்டு டம்ளர் தண்ணீர் குடித்தேன்.

நாலு நாள் இழுத்தது. ஐடி வேண்டுமென்றால் ஆள் கம்பெனி ரோலில், அதாவது கம்பெனியின் நேரடிச் சம்பளத்தில், இருக்கவேண்டும் என்றார்கள். லேபில் ஒரு டெக்னீஷியன் இடம் வெகுநாளாகக் காலியாகக் கிடந்தது ஞாபகப்படுத்தப்பட்டது. மாதக் கடைசிக்கு இரண்டு நாள் முன்னால் பாஸ்கர் கம்பெனி ஆள் ஆனான். ஏஜென்ஸியின் புது ஆளை வரவேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். அன்று சாயங்காலமே திருத்தம் உள்ளே போனது.

மறுநாள் பாஸ்கர் கழுத்தில் புது ஐடி அட்டையோடு என் மேஜைக்கு வந்தார். அந்த அம்மாள் அடுத்த மேஜையில் ஏதோ தட்டிக்கொண்டிருந்தார். நான் திருத்தத்தைத் திறந்து பாஸ்கர் பெயர் இருக்கும் இடத்தைக் காட்டினேன். குனிந்து, வாய்க்குள் எழுத்துக்கூட்டி, இன்ஷியலைக்கூட விடாமல் படித்தார்.

"இது அழியாதா சார்?"

"அழியாது பாஸ்கர். யாராலயும் அழிக்க முடியாது."

தலையாட்டினார். போகத் திரும்பியவர் நின்றார்.

"சார், அப்ப நான் சரியா அழுத்தலைன்னு நீங்க எழுதினீங்களே. அதுவும் அழியாதா?"

குத்திக்காட்டுகிற குரல் இல்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். நான் அடுத்த மேஜையைப் பார்த்தேன். தட்டிக்கொண்டிருந்த விரல்கள் நின்றிருந்தன, ஆனால் அவர் என் பக்கம் திரும்பவில்லை.

"அதுவும் அழியாது" என்றேன். இருபத்தைந்து வருஷ வேலையில் எனக்குக் கீழே இருக்கிற எவரிடமும் சொல்லியிராத ஒன்றைச் சொன்னேன். "நான் தப்புப் பண்ணிட்டேன் பாஸ்கர். விசாரிக்காம உங்க மேல போட்டுட்டேன்."

பாஸ்கர் பக்கத்தில் கிடந்த நாற்காலியை இழுத்துப்போட்டு என் எதிரே உட்கார்ந்தார்.

"பரவால்ல சார். அதுக்கு அடியிலயே இதையும் எழுதிடுங்க" என்றார்.